திருவிழா மேடையும் பழம்பாடல் தெரிவும்

பாடுதல் ஒரு கலை; பாடத்தக்கவற்றைத் தெரிந்தெடுத்தல் பிறிதொரு கலை. முன்னதன் பெருமையை உலகம் எளிதில் உணர்ந்துகொள்கிறது. பின்னதன் அருமையை அறிவோர் சிலரே. ஆயினும், தமிழ் இலக்கிய வரலாற்றை நோக்குவார்க்குத் தெரிவு என்னும் தொழில் புலமைத் தொழில்களுள் தலையாய ஒன்றாகப் போற்றப்பட்டமை புலனாகும். எட்டுத்தொகை என்னும் பெயரே தொகுத்தோரின் பணியை நினைவூட்டி நிற்கின்றது. தேவாரப் பதிகங்கள் எழுநூற்றுக்கு மேற்பட்டவை. அவை அனைத்தையும் நாள்தோறும் ஓதுதல் இயலாதாகலின், அவற்றுள் 25 பதிகங்களைத் தெரிந்தமைத்ததே அகத்தியர் தேவாரத் திரட்டு என்பது சைவ மரபு. திருக்கோயிற் பூசையில் ஓதப்படும் பஞ்சபுராணமும் இத்தகையதோர் தெரிவே. பன்னிரு திருமுறை என்னும் பெருங்கடலினின்றும் ஐந்து பாடல்கள் எடுக்கப்படுகின்றன. அவையும் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருத்தொண்டர் புராணம் என்னும் மாறா முறையில் அமைகின்றன. எதனைப் பாடுவது, எதன் பின் எதனைப் பாடுவது என்னும் இரண்டும் ஓதுவார்க்கு ஒருங்கே தெரிந்திருத்தல் வேண்டும்.

பஞ்சபுராணம் நிறைவுற்று, சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்த பின், அதே கோயிலின் வெளிவீதியில் இரவு வேளையில் மற்றொரு தெரிவு அரங்கேறுகின்றது. அது இசைக்குழுவின் தெரிவு. பிறர் இயற்றிய பாடலை, பிறர் அமைத்த இசையில், பிறர் பாடிய முறையிற் பாடுவது இசைக்குழுவின் தொழில். கூடியிருக்கும் மக்களும் அப்பாடலை முன்னரே அறிந்தவர்கள். புதிய பாடலைக் காட்டிலும், கடந்துபோன ஒரு பத்தாண்டின் பாடல்களையே அவர்கள் பெரிதும் விரும்பிக் கேட்கின்றனர். ‘எண்பதுகளின் கீதங்கள்’ என்றும், ‘இடைக்காலப் பாடல்கள்’ என்றும் அறிவிப்பாளர் கூறியவுடன் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். பாமரர் பொழுதுபோக்கென இதனைக் கற்றோர் ஒதுக்கிவிடுதல் வழக்கம். அவ்வாறு ஒதுக்கத்தக்க பொருளன்று இது. மக்கள் விரும்பும் பழம்பாடலைத் தெரியும் முறை யாது, அம்முறையில் நேரும் வழுக்கள் யாவை, வன்னி நிலத்தில், சிறப்பாக முரசுமோட்டை போன்றதோர் ஊரில், அத்தெரிவு சுமக்கும் பொறுப்பு எத்தகையது என்பன ஆராய்தற்குரியன.

முரசுமோட்டை கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரிவில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் சூழ்ந்தது. மோட்டை என்பது சிறு நீர்நிலையைக் குறிக்கும் வன்னி வழக்கு. முரசு என்பதன் பொருளைத் தமிழறிந்த யாவரும் அறிவர். பெயர்க்காரணம் எதுவாயினும் ஆகுக. நீரும் இசையும் அருகருகே நிற்கும் பெயர் அது. நிலத்திற்குரிய கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர், உணவு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். விளைவதும் ஒலிப்பதும் ஒரே மண்ணுக்குரியன என்பது அவர் கருத்து. எனவே ஓரூர் மேடையிற் பாடத்தக்கது எதுவென்று துணிவதற்கு முன், அந்த மண்ணில் எது ஒலித்தது, எவ்வாறு ஒலித்தது என்பதை அறிதல் வேண்டும்.

வன்னியிற் பாட்டு வானொலியோடு பிறந்ததன்று. அரிவி வெட்டுக்கும் சூடடிப்புக்கும் பாட்டு உண்டு. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடிய விடிய ஆடப்பட்டன. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் புளியம்பொக்கணைப் பொங்கலுக்கும் செல்லும் அடியார் கூட்டம் அம்மன் காவியங்களையும் நாகதம்பிரான் புகழையும் வழிவழியாகக் கேட்டு வந்தது. இவற்றின் மேலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து படிந்ததே திரையிசை. அதற்கு வாயிலாக அமைந்தது இலங்கை வானொலி. அதன் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பை ஏற்ற பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கியது. அதனால் 1957இல் விவித பாரதி தோன்றும் வரையில் மட்டுமன்றி, அதன் பின்னரும் பல்லாண்டுகள், தமிழ்நாட்டு மக்களே தம் நாட்டுப் பாடல்களைக் கொழும்பிலிருந்து கேட்டனர். எஸ். பி. மயில்வாகனனின் குரலும், பின்னர் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் கடலின் இரு கரையிலும் ஒருங்கே ஒலித்தன. ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை பாடலின் முதற்சொல்லை வைத்தே முழுப்பாடலையும் அடையாளம் காணும் பயிற்சியைப் பெற்றது. ஆகவே வன்னிக் கமக்காரன் ஒருவன் விசுவநாதன் – இராமமூர்த்தி இணையின் இசையை அறிந்திருத்தல் வியப்பன்று; அவன் அதனை வயல்வெளியிலிருந்தே அறிந்தான்.

இவ்வரலாறு 1990 வரையில் ஒரே சீராகச் சென்றது. ‘அன்னக்கிளி’ 1976இல் வெளிவந்த பின் எழுந்த இளையராசாவின் இசை, வானொலியாலும் ஒலிநாடாவாலும் வடபுலமெங்கும் பரவியது. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982), ‘முதல் மரியாதை’ (1985), ‘மௌன ராகம்’ (1986), ‘கரகாட்டக்காரன்’ (1989) முதலிய படங்களின் பாடல்கள் சென்னையிலும் கிளிநொச்சியிலும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கேட்கப்பட்டன. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பொருள்கள் ஆயின. அதன் பின்னர் வன்னியிற் பாடல் கேட்பதற்கு உடலுழைப்பு வேண்டியிருந்தது. ஈருருளியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவில் எழும் சிறு மின்னாற் பிறர் வானொலி கேட்டனர். சுற்றும் கை சோர்ந்தாற் பாடலும் சோர்ந்துவிடும். ‘சின்னத்தம்பி’ (1991), ‘ரோஜா’ (1992), ‘காதலன்’ (1994) ஆகிய படங்களின் பாடல்கள் உலகெங்கணும் உள்ள தமிழர்க்குப் புதிய ஒலிக்கருவிகளின் மூலம் சென்றடைந்த காலத்தில், வன்னியில் அவை இவ்வாறே சென்றடைந்தன. சிலரைப் பல்லாண்டு பிந்திச் சென்றடைந்தன. சிலரைச் சென்றடையவே இல்லை.

பழம்பாடல் தெரிவு பற்றிய முதன்மையான உண்மை இங்கே வெளிப்படுகின்றது. பாடல் பிறந்த பத்தாண்டு வேறு. பாடல் கேட்கப்பட்ட பத்தாண்டு வேறு. திரைப்படம் வெளிவந்த ஆண்டை வைத்துப் பட்டியல் அமைக்கும் இசைக்குழு முன்னதனை மட்டுமே அறிந்தது. மக்கள் உள்ளத்தில் வாழ்வது பின்னதே. 1990களில் வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு அப்பத்தாண்டின் பாடல்களாக விளங்குவன, வீட்டிற் பழைய ஒலிநாடாவாக எஞ்சியிருந்த 1980களின் பாடல்களாகவும் இருக்கலாம். 1994இல் வெளிவந்த பாடல் ஒன்றை 2002இன் போர்நிறுத்தத்திற்குப் பின், ஏ9 வீதி திறந்தபோது முதன்முறையாகத் தெளிவான ஒலியிற் கேட்டவருக்கு, அது 2002ஆம் ஆண்டின் பாடல்; பாதை திறந்த மகிழ்ச்சியின் பாடல். ஆகவே கொழும்பிலோ சென்னையிலோ பெருவெற்றி பெற்ற பட்டியலை அவ்வண்ணமே முரசுமோட்டைக்குக் கொண்டு வருதல், வேறொருவரின் நாட்குறிப்பை ஊராரின் நாட்குறிப்பென்று படித்துக் காட்டுவதை ஒக்கும்.

இனி, தெரிவின்மீது சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அறிந்த பாடலை மீளப் பாடிக் கைதட்டல் பெறுதல் கலையாகாது. அது போலச் செய்தலே என்பர். இக்கூற்று தமிழர்தம் அரங்க மரபை மறந்து கூறுவதாகும். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் காணச் சென்றோர், கதை எவ்வாறு முடியும் என்று அறியச் சென்றாரல்லர். அரிச்சந்திரன் பாடப்போகும் பாடலையும் அவர்கள் அறிவர். அவன் எவ்விடத்திற் குரலை உயர்த்துவான் என்பதையும் அறிவர். அறிந்தது வருகின்றது என்னும் எதிர்பார்ப்பும், வந்துவிட்டது என்னும் நிறைவுமே அங்கே சுவையாயின. நாதஸ்வரக் கச்சேரியின் இறுதியிலே திரைப்பாடல் வாசிக்குமாறு கூட்டம் கேட்பதும் இதன்பாற்பட்டதே. அறிதலின் இன்பம் புதுமையின் இன்பத்திற்குத் தாழ்ந்ததன்று. ஆயினும் அறிதலின் இன்பம் எளிதிற் கிட்டுவதாகலின், எளிமையான வழியை நாடிக் குழுக்கள் வழுவுவதுண்டு. இகழத்தக்கது மக்களை மகிழ்வித்தல் அன்று. மக்கள் எதனால் மகிழ்வர் என்பதை ஆராயாது ஊகித்தலே.

அவ்வழுக்களுட் சில எடுத்துக்காட்டத்தக்கன. முதலாவது, கருவியறியாத் தெரிவு. விசுவநாதன் – இராமமூர்த்தி இருவரும் 1965 வரை இணைந்து அமைத்த பாடல்களிற் சொல்லும் குரலுமே பாரத்தைத் தாங்குகின்றன. ‘புதிய பறவை’ (1964) போன்றவற்றிற் பெரும் வாத்தியக் குழு உண்டெனினும், அக்காலப் பாடல்களுட் பல ஓர் ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் நிற்க வல்லவை. இளையராசாவின் பாடல்கள் அத்தகையன அல்ல. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் இசை அவற்றின் உயிர்நிலை. பேஸ் கிற்றார் தனக்கென ஒரு தனிநடையிற் செல்லும். வயலின்கள் கூட்டமாக விடையிறுக்கும். அவ்விடையிசையையும் மக்கள் மனப்பாடமாக அறிவர். ஒற்றைக் கீபோட்டை வைத்துக்கொண்டு அதனைச் சுருக்கிப் பாடுங்கால், கேட்போர் உள்ளத்தில் ஒலிப்பது ஒன்றாகவும் செவியில் ஒலிப்பது பிறிதொன்றாகவும் ஆகிவிடுகின்றன. ரகுமானின் இசையோ கணினியில் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டது. அதனை மேடைக்குக் கொணர்தல் மேலும் அரிது. எனவே தன்னிடம் உள்ள கருவி எவை, பாடகரின் குரல் எச்சுருதி வரை செல்லும் என்பவற்றை அளந்த பின்னரே பட்டியலில் எழுதுதல் முறை. டி. எம். சௌந்தரராசனின் உச்சத்தை எட்டாதவர் அவர் பாடலைத் தெரிதல், ஏற்ற இயலாச் சுமையை வண்டியில் ஏற்றுவதாகும்.

இரண்டாவது, விரைவு ஒன்றையே மகிழ்ச்சியெனக் கருதுதல். துள்ளலான பாடல்களையே தொடர்ந்து அடுக்கினால் முன்வரிசையில் நிற்கும் இளைஞர் ஆடுவர்; மணலிற் பாய் விரித்திருக்கும் தாய்மாரும் முதியோரும் நள்ளிரவிற்கு முன்னரே எழுந்து செல்வர். மூன்றாவது, பாடல்களைத் துண்டாடிக் கோத்தல். ஒவ்வொன்றிலும் பல்லவியை மட்டும் பாடி அடுத்ததற்குத் தாவும் இக்கோவை, அறிதலின் இன்பத்தைத் தொடக்கி வைத்து நிறைவை மறுக்கின்றது. நான்காவது, அண்மைக்காலத்தது, பதிவு செய்யப்பட்ட வாத்தியத் தடத்தை ஓடவிட்டு அதன் மேற் பாடுதல். செலவு குறைவு, வழுவும் குறைவு. ஆனால், கூட்டம் ஒருமித்துப் பாடத் தொடங்கும் நேரத்திற் பல்லவியை மீண்டும் ஒருமுறை எடுக்க அத்தடம் இடம் தாராது. மேடைக்கும் மக்களுக்கும் இடையே நடைபெறும் உரையாடல் அங்கே அறுந்துவிடுகின்றது. துண்டுச் சீட்டில் விருப்பப் பாடல் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் வானொலி நேயர் விருப்பத்தின் வழித்தோன்றல். அச்சீட்டுக்களைப் படிக்கும் குழுவே அவையை அறிந்த குழு. வெளிநாட்டு உறவினர் உபயம் தந்த திருவிழாவில் உபயகாரரின் விருப்பம் முந்துவது இயல்பே. அது சீட்டுக்களை மூடிவிடலாகாது.

இவையெல்லாம் எவ்வூர் மேடைக்கும் பொருந்துவன. முரசுமோட்டைக்கே உரிய சிக்கல் வேறு. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. அக்கால அளவில் இவ்வூர் மக்களும் தம் வீட்டு வாயிலிற் செல்லும் அதே முல்லைத்தீவு வீதியிற் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். மே மாதத்திற் போர் முடிந்தது. செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்து மீண்டோர் ஊர் திரும்பியபோது, பெட்டகமும் புகைப்படமும் ஒலிநாடாவும் அழிந்திருந்தன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமையின்றிக் கொண்டு செல்லக்கூடிய வீட்டுப்பொருள் பாடல் ஒன்றே. பலர் அதனை மட்டுமே மீளக் கொண்டு வந்தனர். இந்நிலையில் ஒரு பழம்பாடலை மேடையில் எடுத்தல், அழிந்த வீட்டின் ஓர் அறையைத் திறத்தலை ஒக்கும்.

திரையிற் காதலரின் பிரிவுக்காக எழுதப்பட்ட பாடல், இம்மணலில் அமர்ந்து கேட்போர்க்கு வேறு பிரிவைக் கூறும். காணாமற் போன மகனை இன்றும் தேடும் தாயும் அக்கூட்டத்தில் இருப்பாள். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார். இழத்தலும், இழிவுபடுதலும், நிலைகுலைதலும், வறுமையுறுதலும் என அவற்றை விரிக்கலாம். நான்கையும் ஒருங்கே பட்டறிந்த அவை இது. அங்ஙனமாயின் சோகப் பாடல்களை முற்றாக விலக்கிவிடுதல் நன்றா? அவ்வாறு செய்யும் குழுக்களும் உள. திருவிழா மகிழ்ச்சிக்குரியது, அழுகைக்கு அங்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் இரக்கத்திற் பிறந்ததெனினும் அவையை அறியாதது. துண்டுச் சீட்டிற் பிரிவுப் பாடலைக் கேட்டு எழுதுவோர் துயருற்றோரே. தனித்து அழுதவர் கூட்டத்தின் நடுவே, பிறர் அறியாவண்ணம், ஒரு பாடலின் துணையோடு அழ விரும்புவது மனித இயல்பு.

எனவே வினா, பாடலாமா என்பதன்று. எங்கே பாடலாம் என்பதே. இதற்கு விடை கூறவல்லது அகநானூற்றின் அமைப்பு. அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பிரிவைப் பொருளாகக் கொண்ட பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இம்முறையே நூல் முழுதும் சுழன்று வருகின்றது. நானூற்றில் இருநூறு பாலை. எனினும் பாலையைத் தொடர்ந்து பாலை வருவதில்லை. ஒவ்வொரு பிரிவின் பின்னும் வேறொரு நிலத்தின் காற்று வீசுகின்றது. பின்னர் மீண்டும் பிரிவு. துயரை மறைக்கவும் இல்லை. துயரில் அமிழ்த்தவும் இல்லை. தொகுத்தோர் கண்ட இந்நெறி திருவிழா மேடைக்கும் பொருந்தும். விநாயகர் துதியோடும் முருகன் பாடலோடும் தொடங்கி, 1960களின் சொல்வளம் மிக்க பாடல்களில் முதியோரை அமர்த்தி, பிரிவுப் பாடல் ஒன்றை நடுவில் வைத்து, அதன் பின் ‘கரகாட்டக்காரன்’ போன்ற படத்தின் தவிலும் நாதஸ்வரமும் முழங்கும் பாடலால் அவையை நிமிர்த்தி, மீண்டும் மென்மைக்குத் திரும்பும் குழு, தான் அறிந்தோ அறியாமலோ அகநானூற்று நெறியில் நிற்கின்றது. பிரிவுப் பாடலோடு நிகழ்ச்சியை முடிப்பது மட்டும் பெரும்பிழை. இருளில் வீடு திரும்புவோர் கையில் விளக்கின்றி அனுப்பப்படுவர்.

இறுதியாக, மேடையில் இடம்பெறாதவை பற்றியும் கூறுதல் வேண்டும். ‘தொண்ணூறுகளின் பாடல்கள்’ என்று இன்று அறிவிக்கப்படுவன சென்னையின் தொண்ணூறுகள்; வன்னியின் தொண்ணூறுகள் அல்ல. அக்காலத்தில் இம்மண்ணிலேயே பாடல் இயற்றுவோரும் இசையமைப்போரும் பாடுவோரும் இருந்தனர். அவர்கள் ஆக்கங்களுட் பல போரோடும் தடைசெய்யப்பட்ட இயக்கத்தோடும் பிணைந்தவை ஆகலின், அவற்றிற்கு இன்று மேடையில் இடமில்லை. இதனால் ஒரு தலைமுறையின் இளமைக்காலம் அதன் சொந்தக் குரலின்றியே நினைவுகூரப்படுகின்றது. இவ்வெற்றிடத்தை முழுதும் நிரப்புதல் இசைக்குழுவின் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. ஆனால் ஒரு பகுதியை நிரப்ப வழியுண்டு. ஈழத்துக் கோயில்கள்மீது ஈழத்தவரே பாடிய பக்திப் பாடல்கள் ஏராளம். 2017இல் மறைந்த எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகரை மக்கள் அப்பாடல்களாலும் அறிவர். இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசைப் பாடல்களும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்களும் உள. ஓரிரவிற் பாடப்படும் பாடல்களுள் நான்கைந்தேனும் இவையாக அமைதல் அரிதன்று. தொடக்கத்திற் கைதட்டல் குறையலாம். பாடப் பாடவே பாடல் பழம்பாடலாகும்; பாடப்படாதது பழையது மட்டுமே.

அழிவின் பின் பழம்பாடல் ஒரு நாட்டுக்கு என்ன செய்யும் என்பதற்குக் கம்போடியா சான்று. சின் சிசாமுத்தும் ரொஸ் செரிசோதியாவும் 1960களில் அந்நாட்டின் தலைசிறந்த பாடகர்கள். 1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூச் ஆட்சியின் பின் இருவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் பாடல்கள் திரும்பி வந்தன. எஞ்சிய இசைத்தட்டுக்களிலிருந்தும் ஒலிநாடாக்களிலிருந்தும் அவற்றைக் கற்றுப் புதிய குழுக்கள் மேடைகளிற் பாடின. போலச் செய்தல் என்று இகழப்படும் அத்தொழிலே அங்கே வரலாற்றைக் காக்கும் தொழிலாயிற்று.

முரசுமோட்டைத் திருவிழாக் கூட்டத்தில் இன்று முன்வரிசையில் நிற்கும் சிறுவர் போர் முடிந்த பின் பிறந்தவர்கள். ஈருருளி டைனமோவிற் பாடல் கேட்டதை அவர்கள் அறியார். ஆனால் ஒரு குறிப்பிட்ட பாடல் தொடங்கியதும் தம் தந்தை பேச்சை நிறுத்துவதையும், தாய் வேறு பக்கம் திரும்புவதையும் அவர்கள் காண்கின்றனர். அப்பாடல் எதுவென்று அறிந்து, அதனை உரிய இடத்தில் வைத்து, குறைவறப் பாடுதலே நல்ல தெரிவு. பஞ்சபுராணம் ஓதுவார் ஐந்து பாடலால் பன்னிரு திருமுறையை உணர்த்துவது போல, நல்ல இசைக்குழு ஓரிரவின் பாடல்களால் ஊரின் அரைநூற்றாண்டை உணர்த்த வல்லது. அவ்வாறு உணர்த்தும் தெரிவைத் திறனாய்வின் ஒரு வகையெனக் கொள்ளுதலில் தவறில்லை.